'போதும் சார்' என்று சொல்ல முடியாத உடல்

தமிழில் 'விளையாட்டு' என்ற சொல்லுக்கு ஏறியிருக்கும் பொருள்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பில்லாதவன். 'பயிற்சி' என்ற சொல்லோ எப்போதும் கண்டிப்பின் பக்கம் நிற்கிறது. பாரதியின் பாப்பாப் பாட்டு விளையாட்டில்தான் தொடங்குகிறது. அதைப் பாடமாக வைத்த பள்ளிக்கூடம், பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. பொருட்படுத்த வேண்டாத ஒன்றாகவோ, கண்டிப்புக்குரிய ஒன்றாகவோதான் பிள்ளையின் உடலை நமக்குப் பார்க்கத் தெரிகிறது.

கண்டிப்பு எப்படி வேலை செய்கிறது என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். லேட்டாக வந்தவன் கிரவுண்டைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவள் ஐம்பது தோப்புக்கரணம் போட வேண்டும். பிள்ளையார் முன்னால் வழிபாடாக இருந்தது வகுப்பறைக்கு வந்ததும் தண்டனையாகிவிட்டது. ஓட்டமும் குந்தி எழுவதும் நல்ல உடற்பயிற்சிகளே. ஆனால் அவை பிள்ளையின் நினைவில் அவமானமாகத்தான் பதிகின்றன. பிறகு அதே பிள்ளை முப்பது வயதில் நடக்கக்கூடச் சோம்பல்படுகிறது என்று நாமே அங்கலாய்க்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. பிரம்பைக் கீழே போட்ட கை விசிலை எடுத்துக்கொண்டது. ஓடவிடுவதை அடிப்பதாக யாரும் கணக்கில் எடுப்பதில்லையே!

ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தன் நூலில் படைமுகாமையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசியதை நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம். 'டிரில்' என்ற சொல்லே பட்டாளத்திலிருந்து வந்ததுதான். 1920இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. அங்கிருந்து பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனாலும் ஊர் வாயில் அவர் இன்றும் 'டிரில் வாத்தியார்'தான். சொல் மாறாததற்குக் காரணம், பள்ளி அவரிடம் எதிர்பார்க்கும் வேலை மாறவில்லை. வரிசையை நேராக்குவதும் சத்தத்தை அடக்குவதும்தான் அந்த வேலை.

தண்டனைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது: அளவை. 1953இல் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர், உடல் வலிமையையும் வளைவையும் பார்க்கும் எளிய சோதனைகளில் அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோற்கிறார்கள், ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று காட்டினார். பனிப்போர்க் காலம் அது. பிள்ளையின் தொப்பை தேசப் பாதுகாப்புப் பிரச்சினையாயிற்று. 1956இல் ஐசனோவர் இதற்கென ஒரு குழுவையே அமைத்தார். அதன் வழிவந்த பள்ளித் தகுதிச் சோதனையில் எல்லோரும் பார்க்க கம்பியில் தொங்கிக் கூனிக்குறுகியவர்கள் பல தலைமுறை. 2012இல் அது கைவிடப்பட்டது. 2025 ஜூலையில் டிரம்ப் அதை மீட்க ஆணையிட்டார். இங்கே 2019 ஆகஸ்டில் 'ஃபிட் இந்தியா' தொடங்கியது. 'கேலோ இந்தியா'வின் பள்ளி மதிப்பீட்டில் உயரம், எடை, 50 மீட்டர், 600 மீட்டர், தண்டால் என்று பட்டியல் இருக்கிறது.

அளப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. யாரை, எதற்காக என்பதுதான் கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அந்தப் பெண் 600 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றால் அட்டையில் விழும் மதிப்பெண் அவளுடையதா, அவள் வீட்டு அடுப்புடையதா? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டம் நல்ல காரியம். ஆனால் தொடங்கும்போது அது 5ஆம் வகுப்போடு நின்றது. உடல் திடீரென்று நெட்டுவிடும் வயது அதற்குப் பிறகுதான் வருகிறது.

இங்கே தோழர்களிடமிருந்து ஒரு மறுப்பு வரும்: "தண்ணிக் குடம் சுமக்குற பிள்ளைக்கு எக்சர்சைஸ் எதுக்கு? இதெல்லாம் அபார்ட்மெண்ட் கவலை." இது பாதி உண்மை. சுமக்கிற உடல் உழைக்கிறது, சரி. ஆனால் ஒரே இடுப்பில், ஒரே பக்கம், தினமும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் உழைக்கிறது. உழைப்பை உடற்பயிற்சி என்று புகழ்வது, அந்தப் பிள்ளைக்கு விளையாட உரிமை இல்லை என்று நாகரிகமாகச் சொல்வதுதான்.

மருத்துவம் என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2020இல், 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும் என்றது. வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவேற்றும் அசைவுகள் வேண்டும். எடை தூக்கினால் உயரம் நின்றுபோகும் என்ற வீட்டுப் பயத்துக்கு ஆதாரமில்லை. தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, முறையைப் பழகி, குறைந்த எடையில் தொடங்கினால் ஆபத்து குறைவு. பருவம் எய்துமுன் கூடும் வலிமை பெரும்பாலும் தசை பெருத்து வருவதல்ல. நரம்பும் தசையும் ஒத்திசையப் பழகுவதால் வருவது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வளரும் எலும்பின் முனைகளில் இன்னும் இறுகாத மென்பகுதி உண்டு. வருடம் முழுக்க ஒரே விளையாட்டு, ஒரே அசைவு, திடீரென்று கூட்டிய சுமை, உச்சிவெயில், தண்ணீர் குடிக்க விடாமை: இவைதான் உடலைக் கெடுக்கின்றன. ஓடியும் குதித்தும் பழகும் பிள்ளைகளுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே வீங்கி வலிப்பது இந்த வயதில் அடிக்கடி வருவது. ஓய்வு கொடுத்தால், சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். நாமோ, "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும், ஓடு" என்கிறோம்.

இந்த எச்சரிக்கைகள் அத்தனையும் ஒரு இடத்தில் வந்து சேர்கின்றன. வலியை முதலில் அறிவது பிள்ளைதான். அது வாய்திறந்து சொல்ல முடிந்தால்தான் மற்ற பாதுகாப்பெல்லாம். 'போதும் சார்' என்ற சொல்லுக்கு இடமில்லாத மைதானத்தில் விலையுயர்ந்த ஷூவும் பயனில்லை. மாதவிலக்கு நாளில் காரணம் சொல்ல முடியாமல் ஓடுகிறவளும், ஓட ஆசையிருந்தும் 'வயசுக்கு வந்த பொண்ணு' என்று வேப்பமரத்தடியில் உட்கார வைக்கப்படுபவளும் இழப்பது ஒன்றைத்தான். தன் உடலைப் பற்றித் தானே முடிவு சொல்லும் உரிமை இருவருக்கும் இல்லை.

உடல் அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். அந்தப் பக்கங்களில் காமம் உண்டு, சாதி உண்டு, சித்திரவதை உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முழங்கால் இல்லை. இனியாவது நம் தெருப் பள்ளிக்குப் போய்ச் சில கேள்விகள் கேட்கலாம். உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுக்கிறீர்களா? சோதனை மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறீர்களா? நிழலும் தண்ணீரும் இருக்கிறதா? பெண்பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்வியை வாத்தியாரிடம் கேட்க வேண்டாம், பிள்ளையிடமே கேட்போம்: வலித்தால் நின்றுகொள்ள விடுவார்களா?