இரண்டாங்கருவி யார் கையில் இருந்தது?

இளமை நினைவுகளை எழுதுவோர் பெரும்பாலும் ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிப்பர். ‘நான் கண்டேன்’ என்று தொடங்கியது, ‘நாங்கள் மகிழ்ந்தோம்’ என்று முடியும். உடன்பிறந்தாரோடு கழித்த பொழுதுகளைப் பற்றிய எழுத்தில் இந்தப் பன்மை வெகு எளிதாக வந்து அமர்ந்துவிடுகிறது. அது மெய்யான பன்மைதானா? அன்றி, மூத்தவர் ஒருவரின் ஒருமையே பன்மை வேடம் பூண்டு நிற்கின்றதா? திறனாய்வு கேட்க வேண்டிய கேள்வி இது.

சிறுவர் தொலைக்காட்சியையும் வீடியோ விளையாட்டையும் பற்றிய நினைவெழுத்து இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. நடுவயதை எட்டிய உடன்பிறப்புகள் பழைய நிகழ்ச்சிகளை மீண்டும் காண்கின்றனர். பழைய விளையாட்டுகளை மீண்டும் ஆடிப் பார்க்கின்றனர். இவ்விரு நினைவுகளையும் ஒரே கட்டாகக் கட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நம் கருத்தில் இவை இயல்பால் வேறுபட்டவை. தொலைக்காட்சி பிள்ளைகளை ஒரே பாயில் அமர்த்தியது. விளையாட்டுப் பெட்டியோ அவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று பிரித்தது. இவ்விரு கலைகளும் செழித்து வளர்ந்த ஜப்பானிலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம்.

அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1959-ஆம் ஆண்டு தொடங்கிய சிறுவர் நிகழ்ச்சி ‘ஒகாசான் தோ இஷ்ஷோ’. ‘அம்மாவோடு சேர்ந்து’ என்பது அதன் பொருள். 1999-இல் அந்நிகழ்ச்சியில் வந்த ‘டாங்கோ மூன்று சகோதரர்’ என்னும் பாட்டு நாட்டையே ஆட்கொண்டது. அதன் இசைத்தட்டு 20 இலட்சத்திற்கும் மேல் விற்பனையாயிற்று. குச்சியில் கோத்த மூன்று மாவுருண்டைகளே அதன் கதைமாந்தர். நுனியில் இருப்பவன் மூத்தவன்; அடியில் இருப்பவன் இளையவன். நுனியில் இருப்பது பெருமைதான்; ஆயின், உண்பவர் வாய்க்கு முதலில் போகிறவனும் அவனே அன்றோ!

பாட்டு பிறப்பு வரிசையைப் பற்றியது. பார்ப்பவரிடையே அது எந்த வரிசையையும் வகுக்கவில்லை. ஒளிபரப்பைத் தொடங்கவோ இடையில் நிறுத்தவோ அண்ணனாலும் இயலாது, தங்கையாலும் இயலாது. எல்லாரும் ஒரே நேரத்திற்குக் காத்திருந்தனர். ஒரே பாட்டைக் கேட்டனர். எனவே, பிற்காலத்தில் அவர்கள் கூடிப் பேசும்போது நினைவுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன.

விளையாட்டின் கதை வேறு. 1983 ஜூலை 15-ஆம் நாள் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ‘ஃபேமிகாம்’ பெட்டியை வெளியிட்டது. கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவிகள் இரண்டு அதனோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. முதற்கருவியில் ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் பொத்தான் உண்டு. இரண்டாங்கருவியில் அது இல்லை. அதற்கு மாறாகச் சிறியதோர் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. முதற்கருவி மூத்தவர் கைக்கும், இரண்டாங்கருவி இளையவர் கைக்கும் போவது வீட்டு வழக்கம். ஆகவே, ஆட்டம் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது இளையவர் கையில் இல்லை.

1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ பெயரிலேயே சகோதரரைக் கொண்டது. மாரியோ அண்ணன், லூய்ஜி தம்பி. இருவர் ஆடினால், அண்ணன் உயிரிழந்த பிறகே தம்பியின் முறை வரும். மூத்தவர் திறமைசாலியாயின், இளையவர் நெடுநேரம் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டும். அண்ணன் விழமாட்டானா என்று உள்ளூர ஏங்கவும் வேண்டும்! அந்த ஆட்டத்தில் லூய்ஜிக்கெனத் தனி உருவமும் இல்லை. மாரியோவின் உருவமே நிறம் மாறி வந்தது. 1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவனுக்கெனத் தனி இயல்பு வாய்த்தது. அண்ணனைவிட உயரத் தாவுவான்; ஆனால், தரையில் வழுக்குவான். விந்தை என்னவெனில், அந்தப் பாகத்தில் இருவர் ஆடும் வசதியே இல்லை. தம்பிக்கு ஆளுமை கிடைத்தபோது தம்பியாக ஆடவேண்டியவருக்கு இடமில்லாது போயிற்று.

‘நாங்கள் சேர்ந்து ஆடினோம்’ என்று மூத்தவர் எழுதும்போது, அந்தக் காத்திருப்பு எங்கே போயிற்று? மூத்தவர் நினைவில் அது ஒரு வெற்றிக் கதை. இளையவர் நினைவில் அது பார்த்துக்கொண்டிருந்த கதை. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்னும் நம் பழமொழியும் அண்ணன் பக்கம் நின்றே பேசுகிறது. அந்தத் தம்பி எதற்கு அஞ்சினான் என்பதை அது சொல்லவில்லை.

பழமையை விற்கும் வணிகமும் இவ்வாறே நினைவுகூர்கிறது. 2016-இல் அமெரிக்காவில் அந்தப் பழைய பெட்டியின் சிறுவடிவத்தை நின்டெண்டோ வெளியிட்டது. அதில் 30 விளையாட்டுகள் இருந்தன, கைக்கருவியோ ஒன்றே. இரண்டாவதைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். இளமையை மீட்டுத் தருவதாகச் சொல்லி வந்த பெட்டியில் இளையவருக்கு இடம் வைக்கப்படவில்லை.

இளையவர் இழந்ததையே பேசினால் அதுவும் அரைகுறை ஆய்வாகும். பார்த்திருப்பதும் ஒரு பங்கேற்பே. ஆடுபவர் கண் தன் வீரன்மேல் நிற்கும். பார்ப்பவர் கண் திரை முழுதும் உலவும். பின்னால் வரும் பகைவனை முதலில் கண்டு கூவியவர் பெரும்பாலும் இளையவரே. 1986-இல் ஜப்பானில் வந்த ‘செல்டா’ விளையாட்டு ஒருவர் மட்டுமே ஆடுவது. அதில் நீண்ட காதுகளையுடைய ஓர் அரக்கன் உண்டு. இரண்டாங்கருவியின் ஒலிவாங்கியில் உரக்க ஒலியெழுப்பினால் அவன் மாய்வான். வாளேந்தியவர் மூத்தவராயினும், அந்தக் கருவியை எடுத்து இளையவர் கூவியபோது பகை வீழ்ந்தது. ஆணை இல்லாத கருவியில் குரல் இருந்தது.

நினைவெழுத்தில் நாம் எதிர்பார்ப்பது அந்தக் குரலையே. உடன்பிறந்தார் பழைய விளையாட்டின் முன் மீண்டும் அமரும்போது, மூத்தவர் முதற்கருவியை மாற்றிக் கொடுத்துப் பார்க்கட்டும். எழுதுமுன், ‘நீ என்ன கண்டாய்?’ என்று ஒருமுறை கேட்கட்டும். விடை தம் நினைவோடு முரண்படலாம். அம்முரணையும் சேர்த்து எழுதினால்தான் ‘நாங்கள்’ என்னும் சொல் உண்மையாகும்.