தமிழ் ஒலியலாய்வில் சாளரச் சார்புகள்: அளவீட்டு நம்பகம் குறித்த ஒரு மதிப்பீடு

தமிழ் ஒலிகளின் நிறமாலை அளவீடுகளை முன்வைக்கும் கட்டுரைகளுள் சில, மாதிரியெடுப்பு வீதத்தைக் குறிப்பிட்டு, எந்தச் சாளரச் சார்பு எவ்வளவு நீளத்தில் பயன்பட்டது என்பதைக் கூறாது விடுகின்றன. இவ்விடுபாடு சிறிதன்று என்பதே இவ்வுரையின் வாதம்.

தனிநிலை ஃபூரியர் உருமாற்றம், வெட்டியெடுத்த பேச்சுத்துண்டு முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்கிறது. துண்டின் இரு முனைகளும் பொருந்தாதபோது ஓர் அதிர்வெண்ணின் ஆற்றல் பிற அதிர்வெண்களுக்குக் கசிகிறது. முனைகளை மெல்லத் தணிக்கும் சாளரம் கசிவைக் குறைக்கிறது. அதற்கு விலையாக முதன்மை மடலை அகலமாக்குகிறது. செவ்வகச் சாளரத்தில் மிகவுயர்ந்த பக்கமடல் முதன்மை மடலினும் 13 டெசிபெல் மட்டுமே தாழ்ந்தது. ஹான் சாளரத்தில் அது 31. ஹாமிங் சாளரத்தில் ஏறத்தாழ 43. இவ்விரண்டிலும் முதன்மை மடலின் அகலம் இருமடங்காகிறது.

ஃபிரெட்ரிக் ஹாரிஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வுரை, சாளரங்களை ஒரே அட்டவணையில் பல அளவுகோல்களால் ஒப்பிட்டமையால் துறையின் கைந்நூல்போல் ஆயிற்று. அதிலுள்ள சில பக்கமடல் அளவுகள் பிழையென 1981இல் ஆல்பர்ட் நட்டால் திருத்தினார். முன்னதை எடுத்தாள்வோர் பின்னதையும் காணுதல் கடன்.

பேச்சாய்வில் ஹாமிங் சாளரம் வினாவின்றியே வழக்காகிவிட்டது. அதன் தொலைப் பக்கமடல்கள் அதிர்வெண் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் மட்டுமே தணிகின்றன, ஹானில் 18. லகர, ளகர, ழகர வேறுபாட்டை மூன்றாம் ஒத்ததிர்வு முகட்டில் தேடுவோர்க்கு, வலிய முதல் முகட்டின் கசிவு அங்கு எட்டுகிறதா என்பது மொழியியல் வினாவே ஆகும்.

நீளமும் அத்தகையதே. 20 மில்லிநொடி ஹான் சாளரத்தின் முதன்மை மடல் 200 ஹெர்ட்ஸ் அகலமுடையது. 100 ஹெர்ட்ஸ் குரலின் கிளையலைகள் அதில் தெளிவுறப் பிரிவதில்லை. 40 மில்லிநொடியில் பிரியும்; ஆனால் நாவின் விரைந்த அசைவுகள் ஒன்றாகக் கலந்துவிடும். துண்டின் இறுதியில் சுழியங்களைச் சேர்ப்பதால் இது தீராது. அது வளைகோட்டின் புள்ளிகளை நெருக்குமேயன்றிப் பிரிதிறனைக் கூட்டாது.

சாளரத்தின் பெயர், நீளம், நகர்வு இடைவெளி ஆகிய மூன்றையும் வெளியிடாத அளவீட்டை மற்றோர் ஆய்வகம் மீளச் செய்து பார்க்க இயலாது. யாழ்ப்பாணத் தமிழையும் மதுரைத் தமிழையும் இருவேறு ஆய்வுகளின் எண்களைக் கொண்டு ஒப்பிடுகையில், காணப்படும் வேறுபாடு பேசுவோருடையதா கணிப்புமுறையினுடையதா என்று அப்போது எவராலும் சொல்ல முடியாது.