பதினாறு வயதுக் கதாநாயகன்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு முதல் அத்தியாயம் கற்பித்துவிடுவார்கள். லமீன் யமால் என்ற கால்பந்து ஆட்டக்காரன் விஷயத்தில் பத்திரிகைக்காரர்கள் எங்களையும் மிஞ்சிவிட்டார்கள்.

2007-இல் ஒரு தர்ம காரியத்துக்காக, பார்ஸலோனா கழகத்து ஆட்டக்காரர்கள் குழந்தைகளோடு இருக்கும் படங்களை வைத்து நாட்காட்டி தயாரித்தார்கள். குலுக்கலில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. இருபது வயது மெஸ்ஸி அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையைத் தொட்டியில் குளிப்பாட்டுகிறார். அந்தக் குழந்தைதான் யமால். 2024-இல் படம் பரவியதும் ஞானஸ்நானம் என்றார்கள், விதி என்றார்கள். என் கதையில் இப்படி ஒரு சம்பவத்தை வைத்தால் பத்திரிகாசிரியர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார். அதே நாட்காட்டியில் வேறு குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுடைய விதியைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம்.

எனக்கு அந்தப் படத்தைவிட, 2024 ஜூலை 9-ஆம் தேதி ம்யூனிக்கில் அவன் போட்ட கோல் பெரிது. (அவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.) ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி, ஸ்பெயினுக்கு எதிராகப் பிரான்ஸ் ஒரு கோல் முன்னால் நிற்கிறது. 21-ஆவது நிமிஷம். எதிரே ராபியோ. இறுதிப் போட்டிக்கு வர ஆசையிருந்தால் இதுவரை ஆடியதைவிட அதிகம் ஆடிக் காட்ட வேண்டும் என்று முதல் நாள் சொன்னவர். பையன் அவசரப்படவில்லை. உடம்பால் ஒரு பொய்யசைவு. இடது பக்கம் சின்னத் தட்டல். அப்புறம் தூரத்திலிருந்தே இடது காலால் வளைத்து ஓர் அடி. பந்து கம்பத்தின் உட்புறம் பட்டு உள்ளே போயிற்று. அன்று அவனுக்கு வயது 16. பதினேழுக்கு நான்கு நாள் பாக்கி.

பலர் வேகத்தைப் புகழ்கிறார்கள். இடது கால் ஆட்டக்காரன் வலது ஓரத்தில் நின்றால் உள்ளே வெட்டி வருவான் என்பது எதிராளிக்குத் தெரிந்த சங்கதி. தெரிந்ததையே செய்து ஏமாற்ற அந்த அரை விநாடித் தாமதம் வேண்டும். உரையாடலில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கதாசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்தப் பொறுமைக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. லா மாஸியா என்பது 1702-இல் கட்டிய பண்ணை வீடு. 1979-இல் கழகம் அதை இளம் ஆட்டக்காரர்களின் விடுதியாக்கியது. 2011-இல் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். பெயர் மட்டும் கூடவே போயிற்று. யமால் ஏழு வயதில் அந்தக் கழகத்தில் சேர்ந்தான். குறுகிய இடத்தில் பந்தை வாங்கித் தலை நிமிர்ந்து பார்க்கப் பழக்குவது அவர்கள் சம்பிரதாயம்.

ஆனால் விதைப்பதில் காட்டிய பொறுமையை அவர்கள் அறுப்பதில் காட்டவில்லை என்பது என் மனத்தாங்கல். 2007-இல் பதினேழு வயது போயன் கிர்கிச்சை அரங்கேற்றினார்கள். 'அடுத்த மெஸ்ஸி' என்ற பட்டமும் சேர்ந்தது. மறு வருஷமே மனப் பதற்றம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பியக் கோப்பைக்குப் போகவில்லை. அன்ஸு ஃபாத்தி பதினாறு வயதில் வந்தார். 2020-இல் முழங்கால் போயிற்று. அறுவைச் சிகிச்சைமேல் அறுவைச் சிகிச்சை. 2021-இல் மெஸ்ஸி விட்டுப் போன பத்தாம் எண் சட்டையை அவருக்கு மாட்டினார்கள். பின்பு வேறு கழகங்களுக்கு இரவல் போனார்.

யமால் 2023 ஏப்ரலில் அரங்கேறியபோது வயது பதினைந்து. 2024-இல் ஜெர்மனிக்குப் பள்ளிப் பாடங்களையும் சுமந்துகொண்டு போனான். கோல் போட்டால் விரல்களால் 304 என்று காட்டுவான். அவன் வளர்ந்த ரோக்கஃபோண்டா பேட்டையின் தபால் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள். அவன் கதையில் அவனே எழுதிய வரி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பத்தாம் எண் சட்டை 2025 ஜூலை 16-ஆம் தேதி அவன் கைக்கு வந்தது. பதினெட்டு நிரம்பி மூன்று நாள் ஆகியிருந்தது.