தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்தும்

ஒரு மொழிக்குரிய பெயரைப் பிறிதொரு மொழியின் எழுத்தால் எழுதுங்கால் எதனைப் போற்றுவது, எதனைக் கைவிடுவது என்னும் வினா எழுகின்றது. மூலமொழியின் எழுத்தைப் பின்பற்றுக என்பாரும், நாவில் வழங்கும் ஒலியைப் பின்பற்றுக என்பாரும், சொல்லின் வேரைப் பின்பற்றுக என்பாரும் என முத்திறத்தார் உளர். இம்மூன்றும் தம்முள் மாறுபடுமிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இவ்விடர்ப்பாடு தமிழர்க்கே உரியதன்று. எபிரேய மொழியில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆதலின், குருமரபினரைக் குறிக்கும் ஒரே குடிப்பெயர் கோஹென் எனவும் கோன் எனவும் கான் எனவும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. உருசிய மொழியில் ஹகரவொலி இன்மையின், அந்நாட்டுவழி வந்தோர் பெயர் காகன் என்றாகி, ஆங்கிலத்தில் 'ஜி' எழுத்தோடு வழங்குகின்றது.

ஈழத்தமிழருள்ளும் எபிரேயப் பெயரைக் குடிப்பெயராகத் தாங்கினோர் உளர். கணிதப் பேராசிரியர் சீ. ஜே. எலியேசர் (1918–2001) அவருள் ஒருவர். தமிழ் விவிலியம் அப்பெயரைச் சகரமிட்டு எழுதும். ஆங்கிலத்தில் அவர் எழுதியதோ 'இசட்' எழுத்திட்டு. ஆங்கில விவிலியத்தில் நிலைபெற்ற வடிவமொன்று முன்னரே இருந்தமையால் ஆண்டு ஐயத்துக்கு இடமில்லை. நம் சைவப் பெயர்களுக்கு அத்தகைய நூல்வடிவம் ஒன்று வாய்த்திலது.

காரைதீவிலே 1892 ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் இயற்பெயரை எடுத்துக்கொள்வோம். மயில்வாகனம் என்பதிலுள்ள ககரத்துக்குத் தமிழெழுத்தை நோக்குவோர் 'கே' இடுவர். வடசொல்லை நோக்குவோர் 'எச்' இடுவர். பேச்சொலியை நோக்குவோர் 'ஜி' இடுவர். இந்நாட்டு வழக்கிற் பெரிதும் பயில்வது 'ஜி'யே. கோஹென் காகனானதும் இம்முறையானே என்க.

எனின், ஒலியே முடிந்த முடிபாகுமோ? ஆகாது. சேர் முத்துக் குமாரசுவாமியும் அவர்தம் மைந்தர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் தம் பெயரின் முதலெழுத்தை 'சீ'க்குப்பின் இரண்டு 'ஓ' இட்டு எழுதினர். 'யூ' இட்டால் ஆங்கிலேயர் அதனை அகரம்போற் படித்தல் கூடும் என்னும் அச்சத்தை இம்முறை நீக்குகின்றது. ஆயினும் குகரக் குறிலைக் கூகார நெடிலாக்கிவிடுகின்றது. ஆங்கிலத்து உயிரெழுத்துக்குத் திட்டமான ஒலி இன்மையின், ஒலியொன்றையே நம்புவார்க்கு இவ்விழுக்கு நேர்தல் இயல்பு.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் (1924–1936) மேற்கொண்ட குறியீட்டு முறை ஆராய்ச்சி நூலுக்கு மிகப் பொருந்தும். ஆனாற் புள்ளியும் கோடும் இட்ட எழுத்துக்கள் பதிவுக் கந்தோரிலும் பரீட்சைத் தாளிலும் நிலைப்பன அல்ல.

ஆகவே வேறோர் அளவுகோல் வேண்டும். தமிழிற் பொருளை வேறுபடுத்தும் ஒலி எதுவோ அதனை ஆங்கிலத்திலும் வேறுபடுத்துக. பொருளை வேறுபடுத்தாததன்பொருட்டு வழக்கிடற்க. மயில்வாகனத்தின் ககரத்தை எவ்வாறு ஒலிப்பினும் பெயர் ஒன்றே. 'ஜி'யும் 'கே'யும் அமையும். கந்தனும் கண்டனுமோ இரு வேறு சொற்கள். தமிழகத்திற் பலர் செய்வதுபோல நகரத் தகரத்துக்கு 'என்', 'டி' இட்டால் இரண்டும் ஒன்றாய்விடும். ஈழத்தார் 'டி'க்கு மாறாக 'ரி', 'எச்' ஆகிய ஈரெழுத்திட்டுத் தகரத்தைப் பிரித்துக் காட்டுதல் அறிவுடைய வழக்கு. அவ்வீரெழுத்தை ஆங்கிலேயர் உரசொலியாகப் படிப்பர் எனின், படிக்கட்டும். அவ்வொலி வேறெந்தத் தமிழொலியோடும் மயங்குவதன்று. புளியந்தீவு என்னும் பெயரினும் 'ரி' மட்டும் இடின், தீவு டீவாகப் படிக்கப்படும்.

இவ்வளவுகோல் புதிதாகப் பெயரெழுதுவார்க்கே உரியது. முன்னரே எழுதி நிலைத்த பெயரை ஆசிரியர் திருத்த முற்படலாகாது. பிறப்புப் பத்திரத்தில் ஒருவகையாகவும் பரீட்சைச் சான்றிதழில் வேறுவகையாகவும் பெயர் கொண்ட மாணாக்கன், இரண்டும் தானே என நிறுவுதற்குச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியவனாகின்றான். மாணாக்கன் பெயரை முதன்முறை ஆங்கிலத்தில் எழுதும் ஆசிரியர், பிறப்புப் பத்திரத்தை நோக்கி எழுதுக; அதில் ஆங்கில வடிவம் இல்லையெனிற் பெற்றோரை வினவி எழுதுக.