யார் பறித்த வேலை?

செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுக் கணக்கு முடிந்து அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் சாலை, குடிநீர், சாக்கடை பற்றிப் பேசுவார்கள். கூடவே இன்னொரு பேச்சும் வரும்: “வடக்கன் வந்து நம்ம பசங்க வேலையைப் பறிச்சுட்டான்.” டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏற்கெனவே ஊறிப்போன பேச்சு இது. வெறும் வெறுப்பு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. உள்ளே உண்மையான வலி இருக்கிறது. அந்த வலிக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

கூடுவாஞ்சேரிப் பையன் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா சிட்டி பக்கம் வேலைக்கு அலைகிறான். அப்ரண்டிஸ், ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என்று ஏதோ ஒரு பெயரில் ஓரிரு ஆண்டு வேலை கிடைக்கிறது. பிறகு இன்னொரு கம்பெனி வாசலில் மறுபடி முதலிலிருந்து. முப்பது வயதாகியும் பர்மனென்ட் ஆகாதவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலையான வருமானம் போயிற்று. அது அமெரிக்கத் தலைமையகம் எடுத்த முடிவு. பீகார் தொழிலாளிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. 2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரியுங்கள் என்று அவர்கள் கேட்டது நிர்வாகத்தைப் பார்த்து.

ஆனாலும் ஒரு வாதம் மிஞ்சுகிறது. வெளிமாநிலத்தவர் குறைந்த கூலிக்கு வருவதால் எல்லோருடைய கூலியும் இறங்குகிறது என்பது. கட்டடம், கிடங்கு, ஓட்டல், உதிரிப்பாக ஆலைகள் போன்ற இடங்களில் இது பெருமளவு உண்மை. வெளிமாநிலத்திலிருந்து வந்தவன் பன்னிரண்டு மணி நேரம் நிற்பான், வேலையிடத்திலேயே தங்குவான், பொங்கலுக்கு லீவு கேட்க மாட்டான், கவுன்சிலரிடம் போய் முறையிட மாட்டான். கான்ட்ராக்டருக்கு இதெல்லாம் லாபம். “நம்ம ஆளுங்க வேலைக்கு வர்றதில்லை” என்று முதலாளிகள் சொல்லும்போது விட்டுவிடும் பாதி இதுதான். அந்த நிபந்தனைக்கு, அந்தக் கூலிக்கு, பக்கத்தில் வீடும் குடும்பமும் உள்ள எவரும் வர மாட்டார்கள்.

இங்கே ஒரு சட்டத்தை நினைவுபடுத்த வேண்டும். 1979இன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். அதன்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ அழைத்து வரும் கான்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலி தர வேண்டியிருந்தது. தங்க இடமும் பயணப்படியும் தர வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்ததற்காக மாதக் கூலியில் பாதியை ஒருமுறை தனியாகவும் தர வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டப்படி நடந்திருந்தால் வெளிமாநிலத் தொழிலாளி உள்ளூர்த் தொழிலாளியைவிடச் செலவு கூடியவராக இருந்திருப்பார்! அவர் மலிவாகக் கிடைத்தார் என்றால், சட்டம் ஏட்டில் கிடந்தது என்றுதான் பொருள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பாதிக் கூலிப் படியையே எடுத்துவிட்டது. ‘வடக்கன்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதற்காக ஜி.எஸ்.டி. சாலையை மறித்திருந்தால் அவர்கள் அக்கறையை நான் நம்பியிருப்பேன்.

கட்சிகளையும் எடைபோட வேண்டும். தமிழ்த் தேசியம் பேசுவோர் முன்வைக்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்றிய அரசுப் பணிகளைப் பற்றி அவர்கள் கேட்பது நியாயம். 2016 இறுதியில் நடந்த அஞ்சல் துறைத் தேர்வில் அரியானாவைச் சேர்ந்தவர்கள் தமிழ்த் தாளில் தமிழ் மாணவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியதாக முடிவு வந்தது. தேர்வே பின்னர் ரத்தானது. அதற்குக் கோபப்படாமல் இருக்க முடியாது. அந்தக் கோபம் டெல்லியை நோக்கிப் போக வேண்டியது. ஆனால் இவர்களில் சீமானும் வேல்முருகனும் கேட்கும், வெளிமாநிலத்தவருக்கான உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேறு. அது 1873இல் வெள்ளைக்காரன் வடகிழக்கு எல்லைக்குப் போட்ட விதியிலிருந்து வருவது. நாடெங்கும் நடமாடவும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் அரசமைப்பின் 19ஆம் பிரிவு தந்த உரிமையை வைத்துத்தான் தமிழரும் தாராவியிலும் பெங்களூரிலும் வாழ்கிறார்கள்.

மும்பையில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிய வேண்டும். 1966இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கு நாம்தான். தென்னிந்தியக் குமாஸ்தாக்கள், உடுப்பி ஓட்டல்கள், லுங்கி கட்டியவர்கள். மராத்தியருக்கு வேலை என்ற முழக்கத்தோடு 1967இல் தானே நகராட்சி, 1968இல் மும்பை மாநகராட்சி என்று உள்ளாட்சித் தேர்தல் வழியாகவே அந்தக் கட்சி வளர்ந்தது. 1970இல் பரேலின் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி சிவசேனைக்குப் போனது. மில் தொழிலாளரின் சங்கம் பலவீனப்பட்டது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த நிலத்தில் மாலும் அடுக்குமாடியும் எழுந்தன. மராத்தித் தொழிலாளியின் வேலையைத் தமிழ்க் குமாஸ்தா கொண்டுபோகவில்லை. அவன் கோபத்தில் கட்சி வளர்ந்தது. அவன் வேலை திரும்பவில்லை.

பாஜக இதே நெருப்பை மறுபக்கமிருந்து ஊதியது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பரப்பியதற்காக வழக்குக்கு உள்ளானவர்களில் உத்தரப்பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவும் ஒருவர். மன்னிப்புக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் அவரிடம் சொன்னது. 2025 அக்டோபரில் பீகார் பிரசாரத்தில் பிரதமரே திமுகவினர் பீகாரிகளைத் துன்புறுத்துவதாகப் பேசினார். இங்கே வேலை செய்யும் பீகாரித் தொழிலாளியின் கூலி அந்தப் பேச்சால் ஒரு ரூபாயும் கூடவில்லை.

திமுக அந்த 2023 நெருக்கடியை நன்றாகவே கையாண்டது. போலீஸ் உடனே மறுத்தது, முதல்வர் ஸ்டாலின் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். அதே கட்சியின் அப்போதைய அமைச்சர் பொன்முடிதான் முந்தைய ஆண்டு பட்டமளிப்பு விழாவில் இந்தி படித்தவர்கள் பானிபூரி விற்பதாகச் சொன்னார். உழைத்துப் பிழைப்பவரின் தொழிலைக் கேலியாக்குவது பெரியார் பெயரைச் சொல்லும் கட்சிக்கு அழகல்ல. இன்னும் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. தனியார் துறையில் 75 விழுக்காடு உள்ளூர் வேலை என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குக் கொடுத்துவிட்டு, 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகே மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது.

குற்றம் பற்றிய பயம் தனி. 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் வட மாநிலத்தவர் ஐந்து பேர் வேளச்சேரியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைக்கு இருந்த ஒவ்வொரு வடவரும் சந்தேகத்துக்குரியவர் ஆனார். 2025 டிசம்பரில் திருத்தணியில் வெளிமாநில இளைஞர் ஒருவரை அரிவாளால் வெட்டி ரீல்ஸ் எடுத்தவர்கள் நம் ஊர்ச் சிறுவர்கள். அதை வைத்துத் தமிழ்ச் சிறுவர் எல்லோரையும் கணக்கிட நாம் சம்மதிப்போமா?

இந்த விவாதத்தில் நகராட்சியின் பங்கை யாரும் பேசுவதில்லை. இங்கே வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். வீட்டுக்கு வாடகை என்றில்லாமல் தலைக்கு இவ்வளவு. பகல் ஷிப்ட் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் படுக்கிறது. கழிப்பறை ஒன்று. மோட்டார் தண்ணீர் தீர்ந்ததும் பக்கத்து வீட்டோடு சண்டை, அடுத்த நாள் அதுவே ‘வடக்கன் பிரச்சினை’. அந்த வாடகையை வாங்குபவர் உள்ளூர்க்காரர். அங்கே ஆள் கொண்டுவந்து நிறுத்திய கான்ட்ராக்டரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரரே.

என் முடிவு இது: வேலை பறிபோனது உண்மை, பறித்தது கான்ட்ராக்ட் முறை. அதற்குத் துணைபோனவை நம் ஓட்டை வாங்கிய கட்சிகள்.

எனவே வார்டுக்கு வரும் வேட்பாளர் ‘வடக்கன்’ என்று பேச்சை எடுத்தால், கூடுவாஞ்சேரி வாக்காளர் அவரிடம் நேராகக் கேட்க வேண்டும்: இந்த வார்டில் ஆள் தங்கவைத்திருக்கும் கட்டடங்களுக்கு நகராட்சி அனுமதி உண்டா, தண்ணீரும் கழிப்பறையும் எத்தனை பேருக்குக் கணக்கிட்டது, ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்டர்களில் உங்கள் கட்சிக்காரர் எத்தனை பேர்? பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.