காதால் படிக்கும் கறுப்புத் திரை

விண்டோஸுக்குள் லினக்ஸ் என்றால், 'அது எதுக்குங்க, வீட்டுக்குள்ள இன்னொரு வீடு?' என்பார்கள். பார்வை இல்லாத ஒருவரைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனிக்குப் போன சரக்கின் பேக்கிங் லிஸ்ட் 300 ஃபைல். ஒரு ஸ்டைல் நம்பர் எந்தப் பெட்டியில் போச்சு என்று பையர் கேட்கிறார். கண்ணுள்ள குமாஸ்தா மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். பார்வையற்றவர் அதையே திரையை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் துணையோடு செய்தால் சாயங்காலமாகிவிடும். லினக்ஸின் 'கிரெப்' கட்டளை ஒரு நொடியில் தேடி, இரண்டு வரியில் பதில் சொல்லும். கண் ஒரு பக்கத்தை மொத்தமாக மேயும். காது ஒவ்வொரு வரியாக வரிசையில் நின்றாக வேண்டும். அதனால் குறைவாகப் பேசும் மென்பொருள்தான் அதற்கு நல்ல மென்பொருள்.

டாஸ் காலத்தில் திரை முழுக்க எழுத்து. வாசித்துக் காட்டுவது சுலபம். 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் தொடங்கிய கம்பெனியின் 'ஜாஸ்' 1989-ல் வந்தது அந்த உலகத்தில்தான். அப்புறம் விண்டோஸ் வந்து எல்லாவற்றையும் படமாக்கியது. புனேயில் வளர்ந்து, 14 வயதில் பார்வை இழந்து, ஐ.ஐ.டி. பம்பாயில் படித்த டி.வி.ராமன் 1995-ல் வெளியிட்ட 'ஈமாக்ஸ்பீக்' வேறு வழியில் போனது. திரையில் இருப்பதை ஒப்பிக்காமல், அதற்கு என்ன அர்த்தமோ அதைப் பேசியது. இன்றைக்கும் அந்த யோசனைக்கு ஈடாக மற்றவர்கள் அதிகம் செய்துவிடவில்லை என்பது என் கட்சி.

'அப்ப நேரா லினக்ஸே போட்டுக்கலாமே?' போடலாம். 'ஆர்கா' என்ற ஸ்க்ரீன் ரீடர் அதில் இருக்கிறது. ஆனால் ஆபீஸில் டாலி விண்டோஸில்தான் ஓடுகிறது. சரி, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றால்... 2011-ல் தமிழக அரசு தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் போஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மெஷினைப் போட்டவுடன் 'எது வேணும்?' என்று கேட்கும் அந்த மெனு ஊமை. ஸ்க்ரீன் ரீடர் விழித்தெழுவதற்கு முன்பே அது வந்து போய்விடும். கண் தெரியாதவர் அம்புக்குறியை எத்தனை தடவை அழுத்துவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் மைக்ரோசாஃப்ட் 2016-ல் அறிமுகப்படுத்திய 'டபிள்யூ.எஸ்.எல்.'லைப் பாராட்ட வேண்டும். மெனு கிடையாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜன்னலில் லினக்ஸ். வாசிப்பது பழகிய ஜாஸ் அல்லது என்.வி.டி.ஏ.தான். (என்.வி.டி.ஏ. 2006-ல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஆரம்பித்தது. இலவசம். ஜாஸின் விலையை விசாரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) 1995-லிருந்து 'சிக்வின்' இதே மாதிரி வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் அதில் நிஜ லினக்ஸ் இல்லை.

பாராட்டு போதும். முதலில் பாஸ்வேர்டு கேட்கிறது. நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது, சரி, பாதுகாப்பு. காதிலும் ஒன்றும் விழாது. கீபோர்டு வேலை செய்கிறதா, மெஷின் உறைந்துவிட்டதா? புதிதாக வருபவர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார். ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் வித்தியாசம் காட்ட நீல நிறம். காதுக்கு ஏது நீலம்? 'எல்.எஸ்.' கட்டளையோடு மைனஸ் எஃப் சேர்த்தால் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு வரும், அதைக் கேட்கலாம். இதை முதல் பாடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் எத்தனை பேர்? டவுன்லோட் ஆகும்போது 'பதினாறு பர்சென்ட், பதினேழு பர்சென்ட்' என்று கல்யாண மைக் மாதிரி விடாமல் பேச்சு. ராமனின் ஈமாக்ஸ்பீக்கை இதற்குள் ஓட்டிப் பார்க்க நினைத்தவர்களுக்கு லினக்ஸ் பக்கத்திலிருந்து நேராகச் சத்தமே வரவில்லை. ஒலி வர 2021 ஆயிற்று. ஐந்து வருஷம்! எழுத்து மட்டும் உள்ள திரைக்கு எதற்கு ஒலி என்று விட்டுவிட்டார்கள் போலும்.

தமிழுக்கு இதில் ஒரு வேடிக்கை. கட்டம் கட்டமாக எழுத்தை அடுக்கும் இந்தத் திரையில் நம் கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண்ணுள்ளவர் படிக்கத் திணறுவார். யூனிகோடாக இருந்தால் குரல் மட்டும் சரியாகவே வாசிக்கும். விண்டோஸில் உள்ள தமிழ்க் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். அவரை ஃபைல் பட்டியல் வாசிக்க வைத்திருக்கிறோம்.

ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய சர்க்குலர் வந்தால் வள்ளுவரும் கைவிரிப்பார். அதற்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழாகத் தெரிவது வெறும் வேஷம். 'ஓப்பன் தமிழ்' என்ற இலவசத் தொகுப்பில் அதை யூனிகோடாக மாற்றும் நிரல் இருக்கிறது. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்க 'டெஸராக்ட்' இருக்கிறது. இரண்டையும் கட்டளை வரியில் ஓட்டலாம், காசு வேண்டாம்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் சேர்த்து 1 சதவீத இடம் ஒதுக்கியது அரசு வேலைகளில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளை அது கட்டுப்படுத்தாது. தோலின் தடிமனை விரலால் தடவியே சொல்லும் ஆட்களை டேனரியில் நம்புகிற முதலாளிகள், காதால் ஃபைல் பார்க்கிறவரை டெலிபோன் பக்கத்தில்தான் உட்காரவைப்பேன் என்கிறார்களா? பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டரைக் கொடுத்து ஒரு வாரம் பார்க்கட்டும்.