செண்டையை முன்னால விட்டான் பாருங்க!

கேரளாவோட செண்டை மேளம்னா சாமிக்கு முன்னால போகும், சினிமாப் பாட்டுன்னா பின்னால எங்கயாவது ஓரமா நிக்கும்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன். ராப் பாடகர் ஹனுமான்கைண்டோட ‘ரன் இட் அப்’ வந்து அந்த நினைப்பைத் தூக்கிக் குமுளி மலைக்கு அந்தப் பக்கம் வீசிருச்சு. 2025 மார்ச்ல வந்த பாட்டு. எனக்கு இன்னும் கிறுக்கு தெளியல.

நினைச்சுப் பாருங்க. கம்பத்துல இருந்து குமுளி பஸ். கூடலூர் தாண்டி, திராட்சைப் பந்தலெல்லாம் முடிஞ்சு, லோயர் கேம்ப்ல பெரியாறு பவர் ஹவுஸுக்கு மலையில இருந்து இறங்குற ராட்சசக் குழாய் தெரியுது, டிரைவர் கியரை இறக்கி வளைவுல திருப்புறாரு, ஜன்னல்ல குளிரு ஏறுது, நான் இயர்போனை மாட்டிப் பாட்டைப் போடுறேன், அவ்வளவுதான்! செண்டை இடிக்குது, இஞ்சின் முக்குது, சீட்டு அதிருது, எது பாட்டு எது பஸ்ஸுன்னே பிரிக்க முடியல. என்னையறியாம முன்சீட்டுக் கம்பியில ரெண்டு கையாலயும் வெளுத்துக்கிட்டு இருந்திருக்கேன். கண்டக்டர் வந்து, “என்ன தம்பி, இறங்கணுமா?”ங்கிறாரு. நடுக்காட்டுல எங்கண்ணே இறங்குறது! பக்கத்துல ஏலத்தோட்டத்துக்குப் போற பெரியவர் ஒருத்தர். வெட்கமே இல்லாம ஒரு பக்க இயர்போனைக் கழட்டி அவர்கிட்ட நீட்டுனேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, “இது கேரளாக்காரங்க கொட்டுல்ல? நடுவுல எவன்ப்பா சண்டை போடுறது?”ன்னாரு. ராப்புக்கு இதைவிட நல்ல விமர்சனம் எவன் எழுதுவான்!

சண்டை போடுற ஆளு சூரஜ் செருக்காட்டு, அதான் நம்ம ஹனுமான்கைண்டு. பொன்னானிக்காரர், வளர்ந்தது அமெரிக்காவுல ஹூஸ்டன், காலேஜ் படிச்சது நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில. அதனால கால்வாசி நம்ம ஆளுன்னு நான் உரிமை கொண்டாடுவேன், யாரும் தடுக்காதீங்க. 2024-ல மரணக்கிணத்துக்குள்ள நின்னு ‘பிக் டாக்ஸ்’ பாடி, அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 23-ஆம் இடம் வரைக்கும் போனவரு. அதே இசையமைப்பாளர் கல்மி, அதே இயக்குநர் பிஜோய் ஷெட்டி, இந்தத் தடவை செண்டை.

டிரில்னு ஒரு ராப் வகை, சிகாகோவுல கிளம்பி லண்டன்ல வேற உருவம் எடுத்தது. அடியில பேஸ் வழுக்கிட்டே போகும், மேல ஹை-ஹாட் தாளத்தட்டு தடதடக்கும். இந்தப் பாட்டை அதுல சேர்க்கலாமா கூடாதான்னு விவரம் தெரிஞ்ச பசங்க அடிச்சுக்கட்டும். என் காதுக்கு, அந்த ஹை-ஹாட் பார்க்கிற வேலையைச் செண்டைக் குச்சி இங்க தானே எடுத்துக்கிட்டுப் பார்க்குது. உறுமியும் தப்பும் கேட்டு வளர்ந்த ஆளு நான், வீரபாண்டித் திருவிழாச் சத்தம் இன்னும் வயித்துல இருக்கு. செண்டையும் அந்நியம் இல்ல, கார்த்திகை பிறந்தா சபரிமலை வண்டியெல்லாம் இந்தக் குமுளி ரோட்டுலதானே ஏறுது!

வீடியோவைப் பார்த்தீங்களா? பாக்கலைன்னா இப்பவே பாருங்க, படிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். களரிப்பயட்டு வருது, பஞ்சாபோட கத்கா வருது, மணிப்பூரோட தாங்-டா வருது, மராட்டியரோட மர்தானி கேள் வருது, வாளும் கம்பும் சுழலச் சுழல, கேரளாவோட சாமியாட்டமான தெய்யத்துல தீயில பாயுற கண்டனார் கேளன், அவரும் முகமெல்லாம் வண்ணத்தோட வந்து நிக்கிறாரு, செண்டை ஏறுது, இன்னும் ஏறுது, இந்த மனுசன் மூச்சு விடாம இங்கிலீஷ்ல பொழிஞ்சுக்கிட்டே போறாரு, எனக்குப் பாதி வார்த்தை புரியல, புரியலைன்னா என்ன, மயிர்க்கூச்செறியுறதுக்கு அகராதியா வேணும்? வீட்டுல டிவியில போட்டுட்டு நான் குதிச்ச குதியில அம்மா அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்துட்டாங்க!

பாட்டு வந்த மார்ச் மாசக் கடைசியிலயே பிரதமரே ‘மனதின் குரல்’ல இதைப் பத்திப் பேசுனாரு. ஏப்ரல்ல கலிஃபோர்னியாவோட கோச்செல்லா இசைவிழா மேடையில ஹனுமான்கைண்டு செண்டைக்காரங்களோட ஏறிட்டாரு. ஜூலையில அவரோட ‘மான்சூன் சீசன்’ முழுத் தொகுப்பும் வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்னாடியே வந்த இந்த ஒத்தைப் பாட்டு போட்ட போடு எனக்கு வேற எதுலயும் கிடைக்கல. பல்லவி சுத்திச் சுத்தி வருதுன்னு ஒரு சிநேகிதன் குறை சொன்னான், வரட்டுமே!

ஒரே ஒரு வேண்டுகோள். போன் ஸ்பீக்கர்ல கேட்டுத் தொலைச்சுறாதீங்க, செண்டை செத்துப் போயிரும். நல்ல ஸ்பீக்கர்ல, சத்தத்தை முழுசா வச்சுக் கேளுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தா, அவங்களையும் உக்கார வச்சு மறுபடி முதல்ல இருந்து போடுங்க.